எங்கள் மகனுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

ஆத்தங்குடியிலும் காரைக்குடியிலும் எங்களோடு நின்ற அனைவருக்கும் வணக்கம்.

மகனுக்கு வலிப்பு வந்ததற்குக் காரணம், மூளையில் நாடாப்புழுவால் உண்டான கட்டி என்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் சொன்னபோது எங்களுக்கு விளங்கவே இல்லை. பன்றிக்கறி எங்கள் வீட்டில் பழக்கமே கிடையாது. டாக்டரம்மா உட்கார வைத்து விளக்கினார். வேகாத பன்றிக்கறியால் வருவது குடலில் வளரும் புழு. மூளையில் கட்டியாக மாறுவது, அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை. தண்ணீர், கழுவாத கீரை, அழுக்குக் கை வழியாக அது சைவக்காரர் வயிற்றுக்கும் போகும். என்ன பாவம் செய்தோமோ என்று அழுதுகொண்டிருந்த என் மாமியார் அன்றைக்குத்தான் சோறு சாப்பிட்டார். டாக்டரம்மாவுக்கு முதல் நன்றி.

மருந்து அல்பெண்டசோல். பள்ளியில் பூச்சி மாத்திரையாகக் கொடுப்பதும் அதுதான், விலை பெரிதில்லை. ஆனால் மூளையில் புழு சாகும்போது வீக்கம் கூடி வலிப்பு அதிகமாகலாம் என்பதால் ஸ்டீராய்டும் சேர்த்து, வார்டில் வைத்துக் கவனித்துத்தான் கொடுத்தார்கள். ஸ்கேன், மறுபடி ஸ்கேன், பஸ், துணைக்கு இருப்பவர் சாப்பாடு, வீட்டுக்காரருக்கு விட்டுப்போன கூலி, இவைதான் எங்களைக் கரைத்தன. முதலில் போன தனியார் மருத்துவமனையில் கேட்ட முன்பணத்துக்கு என் நகை எல்லாம் சேர்த்தாலும் போதாது.

வேலைக்கு வராத நாளுக்கும் பாதிக் கூலி கொடுத்த கல் பட்டறை முதலாளி ஐயா, தவணையைத் தள்ளிவைத்த மகளிர் குழு அக்காமார், எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் பணம் தந்து பெயர் போடக்கூடாது என்ற கானாடுகாத்தான் ஆச்சி, உங்களை மறக்க மாட்டோம்.

வகுப்பு டீச்சரைத் தனியாகச் சொல்ல வேண்டும். பள்ளியில் வலிப்பு வந்த அன்று, கையில் சாவியைத் திணிக்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு, பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல் பக்கத்திலேயே இருந்தார். அப்புறம் பயந்துபோன பிள்ளைகளிடம் இது தொட்டால் ஒட்டாது என்று பேசினார். அதனால்தான் இன்றும் அவன் பழைய பெஞ்சில், பழைய கூட்டாளிகளோடு உட்காருகிறான்.

இந்தப் புழு பரவியுள்ள பகுதிகளில் வலிப்பு நோயாளிகளில் சுமார் 30 விழுக்காட்டினருக்கு இதுவே காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் பக்கத்திலும் வெளியே சொல்லாமல் மறைக்கும் வீடுகள் இருக்கும். அப்படி யாராவது இருந்தால் தயங்காமல் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். எங்கே போக வேண்டும், என்னென்ன தாள் வேண்டும் என்று சொல்கிறோம், தேவைப்பட்டால் மதுரைக்குக் கூடவும் வருகிறோம்.

நன்றியுடன்,
ஆத்தங்குடியிலிருந்து ஒரு தாய்