அட்மின்கள் மூவருக்கும் ஒரு வகுப்புத் தோழனின் மடல்

நம் 1994 பத்தாம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவின் அட்மின்கள் மூவருக்கும் வணக்கம்.

இதைக் குழுவிலேயே எழுதியிருப்பேன். போன மாதம் முதல் அங்கே நீங்கள் மட்டுமே எழுத முடியும் என்று ஆக்கிவிட்டதால், ஊரே படிக்கும்படி இங்கே எழுத வேண்டியதாகிவிட்டது.

நடந்தது சின்ன விஷயம். ஒரு வீடியோ வந்தது, மேலே இரட்டை அம்புக்குறியோடு. பல கை மாறி வந்த சரக்கு என்று வாட்ஸ்அப்பே குத்தும் முத்திரை அது. 2020 ஏப்ரல் முதல் அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். அந்த ஒன்றாக நம் குழுவை ஒருவர் தேர்ந்தெடுத்தார். நம்மில் ஒருத்தி, "இது எங்கே, எப்போது எடுத்தது?" என்று கேட்டாள். அவ்வளவுதான். வரிசையாகக் கோப முகங்கள், "நீ எந்தக் கட்சி?", அப்புறம் அரை மணி நேரத்தில் ஆளே நீக்கம். அதற்குக் கைதட்டல் வேறு.

ஃபேஸ்புக்கும் யூடியூபும் நமக்குப் பிடித்ததையே ஊட்டி நம்மைக் கெடுக்கின்றன என்று டீக்கடையில் எல்லோரும் பேசுகிறோம். தப்பில்லை. ஐரோப்பாவில் 2023 ஆகஸ்ட் முதல், பயனரை வேவு பார்த்துப் பரிந்துரைக்காத ஒரு வழியையும் பெரிய தளங்கள் தந்தாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் நம் குழுவில் எந்த அல்காரிதம் உட்கார்ந்திருக்கிறது? செய்திகள் வந்த வரிசையில்தானே வருகின்றன! இங்கே சலித்தெடுத்தது நம் கைதான். நம் கை என்றுதான் சொல்கிறேன். முன்பு எனக்குப் பிடிக்காததைப் பேசிய ஒருவனை நீங்கள் நீக்கியபோது கட்டைவிரல் உயர்த்தியவர்களில் நானும் ஒருவன்.

"போலீஸ் கேஸ் வந்தால் எங்கள் தலைதானே உருளும்" என்கிறீர்கள். உறுப்பினர் போடும் பதிவுக்கு, அட்மினாக இருப்பதாலேயே ஒருவர் குற்றவாளியாகிவிட மாட்டார் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2021இலும் கேரள உயர் நீதிமன்றம் 2022இலும் சொல்லிவிட்டன. அப்படியே பயம் இருந்தாலும், நீக்க வேண்டியது அந்த வீடியோவை. கேள்வி கேட்டவளை அல்ல.

குழுத் தகவலில் கடைசிவரை தள்ளி, வெளியேறியவர்கள் பட்டியலைப் பார்த்தேன். 60 நாளுக்குள் போனவர்கள் மட்டும்தான் அதில் தெரிவார்கள். ஒன்பது பேர். எட்டுப் பேர் தாமாகவே, சத்தமில்லாமல் போயிருக்கிறார்கள். அப்படிப் போனால் அட்மின்களுக்கு மட்டும் அறிவிப்பு வரும். ஆக, உங்களுக்கு அப்போதே தெரியும்.

தமிழய்யா பட்டிமன்றம் வைத்தால் மேடையேறும் நேரத்தில் அணியை மாற்றிவிடுவார், நினைவிருக்கிறதா? முதல் நாள் இரவு முழுக்கத் தயாரித்ததை அப்படியே எதிர்த்துப் பேச வேண்டும். அவரை எவ்வளவு திட்டினோம்!

டிசம்பர் சந்திப்புக்கு ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வசூலிக்கும் பட்டியலில் அவள் பெயர் இன்னும் இருக்கிறது, பக்கத்தில் 'பணம் வந்தது' என்ற குறிப்போடு. இந்த வாரமே அவளைத் திரும்பச் சேர்த்து, எல்லோரும் எழுதும்படி குழுவைத் திறந்துவிடுங்கள். அந்த எட்டுப் பேரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம்