உதவாக்கரை என்றொரு படகு

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் பாய்மரப் படகோட்டம் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. வெள்ளைக் கால்சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் கோப்பை, பின்னால் மாளிகை மாதிரி ஒரு படகு என்று படமும் இருந்தது. பணம் கொழுத்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பாதி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் நான் பிரான்ஸில் இருபது வருடமாக இருப்பவன், இங்கே அந்த மறுபாதியைக் கண்ணால் பார்த்தவன், அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நான் சொல்லப்போகும் பாய்மரப் பள்ளியைத் தொடங்கியவர் உங்கள் தொழில்காரர், ஒரு பத்திரிகைக்காரர்.

பெயர் ஃபிலிப் வியனே. ஜெர்மானியர்கள் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், 1941இல், இவரும் சில மாணவ நண்பர்களும் ‘தெஃபான்ஸ் த லா ஃபிரான்ஸ்’ என்று ஒரு ரகசியப் பத்திரிகை நடத்தினார்கள். சொர்போன் பல்கலைக்கழகத்தின் நிலவறையிலேயே அச்சு இயந்திரத்தை ஒளித்துவைத்து ஓட்டினார்கள். அங்கே வேலை பார்த்த, ரஷ்யப் பெற்றோருக்குப் பிறந்த எலென் என்ற இளம்பெண்ணும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். பிறகு அவர் எலென் வியனே ஆனார். மாட்டினால் உயிர் போகும் என்ற நிலையில், 1944 ஜனவரியில் ஒரு இதழை 4,50,000 பிரதி அடித்து ஊரெல்லாம் பரப்பியிருக்கிறார்கள். இன்று எத்தனை பத்திரிகை அவ்வளவு விற்கிறது என்று உங்களிடம் கேட்க மாட்டேன், மனசு கஷ்டப்படும்.

போர் முடிந்தது. வியனே 1946இல் பாரிஸில் பத்திரிகையாளர்களுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார், அது இன்னும் நடக்கிறது. ஆனால் அவர் மனதை அரித்தது வேறு விஷயம். ஜெர்மானியரை எதிர்த்த ரகசிய இயக்கத்தில் ஓடிய பிள்ளைகள், வதைமுகாம்களிலிருந்து எலும்பும் தோலுமாகத் திரும்பியவர்கள் எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயதுதான். அந்த வயதில் துப்பாக்கி, சிறை, சாவு எல்லாம் பார்த்துவிட்டு வந்தவனிடம் போய், சரி, எல்லாம் முடிந்தது, ஒழுங்காகப் படி, வேலைக்குப் போ என்றால் எப்படி? 1947இல் கணவனும் மனைவியுமாக அவர்களைக் கூட்டிக்கொண்டு, பிரான்ஸின் மேற்கே உள்ள பிரெத்தாஞ் கரையிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தள்ளிக் கடலுக்குள் கிடக்கும் க்ளெனான் தீவுக்கூட்டத்துக்குப் போய்க் கூடாரம் அடித்தார்கள். பாய்மரப் பள்ளி என்ற யோசனையே அப்போது கிடையாது. இளைஞர்கள் ஒன்றாக இருக்கட்டும், உடம்பும் மனசும் தேறட்டும் என்பதுதான் எண்ணம். ஆனால் தீவில் உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்த்தால் எவ்வளவு நாளைக்குச் சும்மா இருக்க முடியும்? படகு வந்தது, படகோட்டத் தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்தான், கற்றுக்கொண்டவன் அடுத்த கோடையில் வந்து இன்னொருவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ‘லே க்ளெனான்’ என்ற பள்ளி உருவான கதை இவ்வளவுதான். இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய பாய்மரப் பள்ளிகளில் அது ஒன்று.

அந்த வழக்கம்தான் இன்றைக்கும் நடக்கிறது. லாபம் பார்க்காத சங்கம் அது. படகில் கற்றுக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள், தங்கள் விடுமுறையைக் கொண்டுவந்து கொட்டுகிறவர்கள். ஃபிலிப் வேறு வேலைகளுக்குப் போய்விட்டாலும், எலென் ஏறக்குறைய கால் நூற்றாண்டு அந்தப் பள்ளியைத் தாங்கிப்பிடித்தார். 1947லேயே ஆணும் பெண்ணும் ஒரே படகில், ஒரே சமையலறையில், ஒரே வேலை என்று வைத்திருக்கிறார்கள். பிரான்ஸில் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்ததே 1944இல்தான் என்பதையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

இப்போது பணக்காரர் சமாச்சாரத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்துப் படகு எல்லாம் தச்சன் வளைத்து வளைத்துச் செய்த கனமான மரப் படகு, விலை யானை விலை. பள்ளிக்கு வேண்டியதோ நிறையப் படகு, மலிவான படகு, பிள்ளைகள் மோதினாலும் மறுநாள் ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடிய படகு. ழான் ழாக் எர்புலோ என்று ஒருவர், தொழில் கட்டடக் கலை, ஒலிம்பிக்கில் பாய்மரம் ஓட்டியவர். அவர் உட்கார்ந்து வரைந்து கொடுத்தார். பிளைவுட் பலகையை வெட்டி, மடிப்பு மடிப்பாகச் சேர்த்தால் படகு. நீளம் 4 மீட்டர் சொச்சம், இரண்டு பேர் ஓட்டலாம், கார் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம். 1952இல் பாரிஸ் படகுக் கண்காட்சியில் வைத்தபோது அதன் விலை இரண்டு சைக்கிள் விலை என்று சொல்லியே விற்றார்கள். வாத்தியாரும் கடைக்காரரும் குமாஸ்தாவும் வாங்கினார்கள். உலகம் முழுக்க முப்பதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டது.

அந்தப் படகுக்கு வைத்த பெயர் ‘வோரியான்’. ஒன்றுக்கும் உதவாதவன் என்று அர்த்தம், தறுதலைப் பையனைத் திட்டும் சொல். தமிழில் யோசித்துப் பார்த்தேன், ‘உதவாக்கரை’ என்பதைவிடப் பொருத்தமான சொல் அகப்படவில்லை. அதிலேயே ஒரு கரை இருக்கிறது பாருங்கள்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எனக்கு 41 வயதாகும்போது வேலையிடத்தில் ஒருவர் சொன்னார் என்று ஒரு வாரப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். நீச்சல் தெரியும், கடல் தெரியாது. படகுத்துறையில் எங்களைக் கூட்டிப்போக வந்தவள் 21 வயதுப் பெண், மருத்துவம் படிக்கிறவள், வெறுங்கால், மூக்கில் வெயிலில் உரிந்த தோல். பார்த்தவுடன் என்னை ‘து’ போட்டுக் கூப்பிட்டாள். நம் கணக்கில் ‘நீ’. அங்கே எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான், டாக்டரானாலும் தாத்தாவானாலும் ‘நீ’தான். எனக்கு முதல் நாள் சுருக்கென்றது, பொய் சொல்வானேன். இருபது வருடம் ‘ஐயா’ கேட்டுப் பழகிய காதில்லை, ஆனாலும் என் அண்ணன் மகள் வயதுப் பெண் ‘நீ உருளைக்கிழங்கு உரி’ என்றால் கொஞ்சம் ஏறத்தான் செய்யும்.

உருளைக்கிழங்கை உரித்தேன். அன்றைக்கு நானும் ஒரு வங்கி மேலாளரும் சமையல் முறை, முப்பது பேருக்குச் சோறாக்க வேண்டும். பாத்திரத்தைக் கடல் தண்ணீரில் கழுவி, கடைசியாக ஒரு சின்ன வாளி நல்ல தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும், தீவில் நல்ல தண்ணீருக்குக் கணக்கு உண்டு. கக்கூஸ் கழுவும் முறையும் அப்படியே வரிசையாக வரும். காசு கட்டி வந்திருக்கிறேன், ஆள் வைத்துக் கழுவுங்கள் என்று ஒருவர் முணுமுணுத்தார். யாரும் சண்டை போடவில்லை, அந்த 21 வயதுப் பெண்ணே எழுந்து போய்த் துடைப்பத்தை எடுத்தாள், அவர் பின்னாலேயே ஓடினார்.

மூன்றாம் நாள் நான் கவிழ்ந்தேன். தீவுகளுக்கு நடுவே ‘லா ஷாம்ப்ர்’ என்று ஒரு ஆழமில்லாத நீர்ப்பரப்பு, ‘அறை’ என்று அர்த்தம், அடிமணல் தெரியும் பச்சைத் தண்ணீர். அங்கேதான் கற்றுக்குட்டிகளை விடுவார்கள். பாயைக் காற்றுக்கு ஏற்றபடி இழுக்கவும் தளர்த்தவும் ஒரு கயிறு உண்டு, நம் கடலோடிகள் தாமான் என்பார்கள், பிரெஞ்சில் ‘எகூத்’. அந்தச் சொல்லுக்கே ‘கேள்’ என்றும் பொருள் உண்டு. அவள் தூரத்தில் ரப்பர் படகில் இருந்துகொண்டு ‘எகூத், எகூத்!’ என்று கத்துகிறாள், நானோ ஏதோ சொல்லப்போகிறாள், கேட்போம் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு தாமானை இறுக்கிப் பிடித்திருக்கிறேன். ஒரு வீச்சு காற்று வந்தது. பாய் நிரம்பியது, படகு ஒருக்களித்தது, அப்புறம் நான் தண்ணீருக்குள். ஜூலை மாதம்தான், ஆனாலும் அந்தக் குளிர் பல்லைப் பிடித்துக்கொண்டது. அவள் பக்கத்தில் வந்து இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். கை கொடுக்கவில்லை. “படகுக்கு அடியில நீட்டியிருக்கிற நடுப்பலகை மேல ஏறி நில்லு, பின்னால சாஞ்சு இழு, அவசரமில்ல” என்கிற மாதிரி சொன்னாள். இரண்டு முறை வழுக்கி விழுந்து, மூன்றாவது முறை பாய் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு மேலே எழுந்தது. உள்ளங்கையில் தாமான் கிழித்த தடம் ஒரு மாதம் இருந்தது.

அன்று ராத்திரி அவள் 12 கூழாங்கல் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பிரெத்தாஞ் கடலில் ஓதம் ஏறி இறங்குவது ஆள் உயரத்தைத் தாண்டும், அதைக் கணக்கிடத் தெரியாமல் தரைதட்டிக்கொண்டு நிற்பவர்கள் ஏராளம். ஏற ஆறு மணி நேரம், இறங்க ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறும் மொத்த உயரத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஒரு பங்குக்கு ஒரு கல் என்று கணக்கு. முதல் மணியில் 1 கல், அடுத்ததில் 2, பிறகு 3, மறுபடி 3, பிறகு 2, கடைசியில் 1. நடு இரண்டு மணி நேரத்தில்தான் பாதித் தண்ணீர் ஓடும், அப்போது நீரோட்டமும் வலுவாக இருக்கும். வங்கி மேலாளர் கற்களை எண்ணி அடுக்கினார், நானும் அடுக்கினேன், தப்பாகப் போட்டவர்கள் மறுநாள் கக்கூஸ் முறை. எனக்கு இன்றும் மறக்கவில்லை.

சில மூடநம்பிக்கைகளையும் சொல்லித்தான் தருவார்கள். பிரெஞ்சுப் படகில் ‘லப்பான்’, அதாவது முயல் என்ற சொல்லை வாயில் எடுக்கவே கூடாது, ‘நீளக்காதுப் பிராணி’ என்றுதான் சொல்ல வேண்டும். பழைய கப்பலில் உணவுக்காக உயிரோடு ஏற்றிய முயல்கள் கூண்டை விட்டு ஓடிச் சணல் கயிற்றைக் கடித்துவிடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். கயிறு என்பதற்கான பொதுச்சொல்லும் கூடாது, படகில் இருப்பதிலேயே மணியை அடிக்கும் கயிறு ஒன்றைத்தான் அப்படிச் சொல்லலாம், மற்ற ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர். இது வெறும் மூடநம்பிக்கை இல்லை என்று எனக்கு மூன்றாம் நாளே புரிந்துவிட்டது. ‘அந்தக் கயிற்றை விடு’ என்று கத்தினால் பத்துக் கயிற்றில் எதை விடுவது?

பள்ளி தீவோடு நிற்கவில்லை. 1969இல் அயர்லாந்தின் பால்டிமோரில், ரயில் வராமல் போன ஒரு பழைய ரயில் நிலையத்தில் கடை விரித்தார்கள். பிரான்ஸிலேயே பெம்போல், ஆர்ஸ் தீவு, கோர்சிக்கா என்று கிளைகள். ஆனால் அடிவேர் இன்னும் அந்தச் சிறு தீவுகளில்தான். பென்ஃப்ரெ என்ற தீவில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. இன்னொரு தீவு சிகோஞ், நாரை என்று அர்த்தம். அந்தத் தீவு முழுக்க ஒரே கோட்டை, 18ஆம் நூற்றாண்டில் கடற்கொள்ளையர் அங்கே ஒதுங்காமல் இருக்கக் கட்டத் தொடங்கியது. அந்தப் பீரங்கிக் கோட்டையில் இன்று பிள்ளைகள் ஈரச் சட்டை காயப்போடுகிறார்கள்.

குறையே இல்லை என்று சொல்லவில்லை. ஒரு வாரப் பயிற்சிக்கு இன்று ஆகும் காசு இரண்டு சைக்கிள் கதை இல்லை, நானே இரண்டு கோடை தள்ளிப்போட்டுத்தான் போனேன். என்னோடு பயிற்சிக்கு வந்த முப்பது பேரில் என் நிறத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான், அதையும் எழுதத்தான் வேண்டும். உங்கள் கட்டுரையாளர் இதைக் கேட்டிருந்தால் கை தட்டியிருப்பேன். அவரோ துறைமுக ஓட்டல் மாடியிலிருந்து பார்த்ததை எழுதியிருக்கிறார். கீழே இறங்கி, வாளியும் துடைப்பமுமாகப் படகு கழுவிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் இரண்டு வார்த்தை பேசியிருக்கலாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பாய்மரம் பற்றி எழுதினால் அந்த வெள்ளைக் கால்சட்டைப் படம் வேண்டாம், உதவாக்கரைப் படகு ஒன்றின் படம் போடுங்கள். கிடைக்கவில்லை என்றால் நான் கவிழ்ந்து, தலை மட்டும் வெளியே தெரிய மிதக்கும் படம் ஒன்று என்னிடம் இருக்கிறது, ரப்பர் படகிலிருந்து அந்தப் பெண் எடுத்தது. தலைப்பை மாற்றத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகன், பிரான்ஸ்