சராசரி சொல்லாத நெரிசல்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொடக்கப் பள்ளிகளில் மாணவர் சேர்க்கை குறைந்து வருவது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பிறப்பு விகிதம் சரிவதையும் அது ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒன்றாம் வகுப்பில் தெரிவதையும் நன்றாக விளக்கியிருந்தீர்கள். ஆனால் வகுப்புக்குச் சராசரி 30 பேர்தான், ஆகவே நெரிசல் தீர்ந்தது என்று முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுத்தவள் நான்.

ஒரு அறையில் 10 பிள்ளைகள், இன்னொரு அறையில் 50 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 30. சரி, அந்த 60 பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, 'உன் வகுப்பில் எத்தனை பேர்?' என்று கேட்டுப் பாருங்கள். 50 பேர் 'ஐம்பது' என்பார்கள். அவர்கள் சொல்வதை வைத்துச் சராசரி எடுத்தால் 43 வரும். ஆசிரியர்-மாணவர் விகிதம் இதைவிட மோசமாக ஏமாற்றும். வகுப்பே எடுக்காத தலைமையாசிரியரும் நீண்ட விடுப்பில் இருப்பவரும் அந்தக் கணக்கில் உண்டு.

ஒரு ஆண்டு என் இரண்டாம் வகுப்பில் 58 பேர். ஒரு நோட்டுக்கு இரண்டு நிமிடம் என்றாலும் திருத்தி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போது மூன்றாவது வரிசையில் ஒரு பையன் உற்சாகமாக வாயசைப்பான். அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு ஒரு நாள் அவனைத் தனியாக உட்கார வைத்துப் படிக்கச் சொன்னேன். பிழையில்லாமல் ஒப்பித்தான், ஆனால் அவன் விரல் வேறு பாடத்தின் மேல் இருந்தது. ஒரு எழுத்துகூட அவனுக்குத் தெரியவில்லை. ஆறு மாதம் அதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன் என்பது இன்றும் உறுத்துகிறது. பல ஆண்டுகள் கழித்து 24 பேர் உள்ள வகுப்பு கிடைத்தது. அதே மாதிரி ஒரு குழந்தையை இரண்டாவது வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். தினமும் ஒவ்வொருவரும் என் பக்கத்தில் வந்து நாலு வரி படித்துக் காட்ட நேரம் இருந்தது, அவ்வளவுதான்.

இது என் ஒருத்தியின் அனுபவம் மட்டுமல்ல. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1985 முதல் நான்கு ஆண்டுகள், 79 பள்ளிகளில் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தார்கள். 13 முதல் 17 பேர் உள்ள வகுப்புகள் ஒரு பக்கம், 22 முதல் 25 பேர் உள்ளவை மறுபக்கம். சிறிய வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பிலும் கணக்கிலும் முந்தினார்கள். ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். ஆனால் 1996-ல் கலிஃபோர்னியா, சுமார் 30 பேர் இருந்த தொடக்க வகுப்புகளை ஒரேயடியாக 20-ஆகக் குறைக்கப் போய், பயிற்சி பெறாதவர்களையெல்லாம் அவசரமாக வேலைக்கு எடுக்க வேண்டியதாயிற்று. ஆகவே அறையைப் பிரித்தால் மட்டும் போதாது, உள்ளே நிற்கத் தகுந்த ஆசிரியரும் வேண்டும்.

சேர்க்கை ஏறும்போது நெரிசலைத் தவிர்ப்பது கடினம் என்பது புரிகிறது. உகாண்டாவில் 1997-ல் தொடக்கக் கல்வியை இலவசமாக்கியதும் சுமார் 30 லட்சமாக இருந்த எண்ணிக்கை ஒரே ஆண்டில் 50 லட்சத்தைத் தாண்டியது. அத்தனை பிள்ளைகளுக்கு ஒரே நாளில் ஆசிரியர் எங்கிருந்து வருவார்? சேர்க்கை இறங்கும்போது அந்தச் சாக்கு கிடையாது. ஜப்பானில் 1980 முதல் வகுப்புக்கு 40 பேர் என்பதே பொதுவான வரம்பாக இருந்தது. பிள்ளைகள் குறைந்துகொண்டே போன நிலையில், 2021-ல் சட்டத்தைத் திருத்தி, தொடக்கப் பள்ளி முழுவதற்கும் படிப்படியாக 35 என்று கொண்டுவந்தார்கள்.

மற்ற பல இடங்களில் நடப்பது நேர்மாறு. எண்ணிக்கை குறைந்தால் ஆசிரியரை 'உபரி' என்று வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு, மிஞ்சிய வகுப்புகளை ஒரே அறையில் சேர்த்துவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்பில் 8, இரண்டாம் வகுப்பில் 9, மூன்றாம் வகுப்பில் 10 என்றால் மொத்தம் 27. காகிதத்தில் அருமையான எண். ஆனால் மூன்று பாடப்புத்தகங்கள், ஒரே ஆசிரியர். 45 நிமிடப் பாடவேளையில் ஒரு வகுப்புக்குக் கிடைப்பது 15 நிமிடம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மீதி அரை மணி நேரமும் எழுதியதையே திரும்ப எழுதிக்கொண்டிருக்கும்.

அடுத்த முறை இந்தப் புள்ளிவிவரங்களை வெளியிடும்போது சராசரியோடு இன்னும் இரண்டு எண்களைச் சேர்த்துப் போடுங்கள்: 40 பேருக்கு மேல் உள்ள அறைகளில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? அப்புறம், ஒரே ஆசிரியரிடம் மூன்று வகுப்புகள் சேர்ந்து படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை