சாவர்–பெக்மன் பண்ணையில் இருப்பவர்களுக்கு நன்றி

அன்புள்ள பண்ணை ஊழியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்,

போன சனிக்கிழமை அம்மாவை அழைத்துக்கொண்டு டெக்சாஸில் பெடர்னலெஸ் ஆற்றங்கரையில் இருக்கும் லிண்டன் ஜான்சன் மாநிலப் பூங்காவுக்கு வந்திருந்தோம். காட்டெருமைகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அம்மாவுக்கு முழங்கால் வலி. பூங்காவுக்குள்ளேயே, 1915 வாக்கில் இருந்த பண்ணை வாழ்க்கையை அப்படியே நடத்திக் காட்டும் உங்கள் பண்ணையின் வாசலில் நிழலாகப் பார்த்து நாற்காலி போட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாரே ஒரு பெரியவர், முதல் நன்றி அவருக்கு.

அப்புறம், அடுப்படியில் இருந்த பெண்மணிக்கு. 1915 வாக்கில் உடுத்திய மாதிரி நீளப் பாவாடை, பக்கத்தில் விறகடுப்பு, முன்னால் வெண்ணெய் எடுக்கும் ஜாடி. அம்மா வைத்த கண் வாங்காமல் நிற்பதைப் பார்த்து, நான் ஒன்றும் கேட்காமலேயே கோலை அவர் கையில் கொடுத்துவிட்டார். "நாம கயிறு போட்டுக் கடைவோம், இவங்க உலக்கை மாதிரி குத்துறாங்களே" என்றார் அம்மா. ஆனால் உள்ளே சத்தம் கனத்ததும் "திரண்டுடுச்சு" என்று முதலில் கையை நிறுத்தியதும் அவர்தான். திறந்து பார்த்தால் மோருக்கு மேலே வெண்ணெய் மிதக்கிறது. எங்கள் அபார்ட்மெண்டில் மூன்று மாதமாக வேலையில்லாமல் இருந்த கை அது.

அந்த வீட்டின் கதையைப் பொறுமையாகச் சொன்ன இளைஞருக்கும் நன்றி. 1869இல் சாவர் குடும்பம் நான்கு பிள்ளைகளோடு அங்கே குடியேறியதையும், அந்த வீட்டு மகள் அகஸ்டா 1908இல், பின்னாளில் அமெரிக்க அதிபரான லிண்டன் ஜான்சன் பிறந்தபோது பிரசவம் பார்த்ததையும் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். 1900இல் பண்ணையை வாங்கிய பெக்மன் குடும்பம், 1915இல் பருத்தி நன்றாக விளைந்ததும் புதுக் களஞ்சியம் கட்டி, வீட்டையும் பெரிதாக்கினார்களாம். கரிசல்காட்டுக்காரியான அம்மாவுக்கு அதற்கு விளக்கமே தேவைப்படவில்லை. "பருத்தி ஒரு வருஷம் கைகொடுத்தாப் போதும், வீடு எந்திரிச்சிரும்" என்று சுவரைத் தடவிப் பார்த்தார்.

1966இல் அந்த நிலத்தை அரசிடம் விற்ற பெக்மன் வீட்டு மகளுக்கும், 1975இல் பண்ணை திறந்த நாளிலிருந்து மாடு கறந்து, கோழிக்குத் தீனி போட்டு, சோப்புக் காய்ச்சி, அதைப் பண்ணையாகவே வைத்திருக்கும் எல்லோருக்கும் நன்றி. கயிறு கட்டி 'தொடாதே' என்று எழுதிய இடங்களுக்கே அம்மாவை இதுவரை கூட்டிப் போயிருக்கிறேன்.

அம்மா ஊருக்குக் கிளம்புமுன் இன்னொரு தடவை வருவோம். பால் கறக்கிற நேரத்துக்கே போய்விட வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
ஆஸ்டினிலிருந்து ஒரு மகள்