சம்மாட்டியாரின் மீன் எங்கே?

திருகோணமலை

மச்சான்,

மூன்று மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, பிழை என்னுடையதுதான். வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, கோணேசர் கோயில் வரை ஏறிப் போய் வருகிறா.

எழுத வைத்தது மீன் கணக்கு. மீனவர் சங்கத்துக்கு நான் செய்த இணையச் சேவையில் முதலில் படகு இலக்கம், மீன், நிறை, விலை என்று எல்லாவற்றுக்கும் தனிப் புலம், அதாவது பதிவில் அதற்கென்று ஒரு கட்டம், இருந்தது. படகு இலக்கம் கட்டாயம். உப்புவெளிப் பக்கத்துக் கரைவலைக்காரர் வந்ததும் அது இடித்தது. அவர்கள் கணக்கைப் பாடு, அதாவது வலை இழுக்கிற கரைத்துண்டு, அதன் பெயரில்தான் வைக்கிறார்கள்.

நீ அப்போதே உன் வேதத்தை ஓதினாய்: "பெயர், பெறுமதி, ரெண்டு நிரல் போதும்." அப்படியே மாற்றினேன்: ஒவ்வொரு விபரமும் ஒரு வரி, ஒரு நிரலில் "நிறை" என்ற பெயர், மற்றதில் அதன் பெறுமதி. புது மீன், புது வலை, எது வந்தாலும் அட்டவணையில் கை வைக்கத் தேவையில்லை. நல்ல நிம்மதி.

போன கிழமை வலைச் சொந்தக்காரர் சம்மாட்டியார், நிறை கூடினது மேலே வரப் பட்டியல் கேட்டார். பெறுமதி எல்லாம் எழுத்தாகக் கிடந்தபடியால் 9 கிலோ பாரை 120 கிலோ சூரைக்கு மேலே நின்றது. எழுத்தாக ஒப்பிட்டால் 9க்கும் 1க்கும்தானே போட்டி! அதையாவது திருத்தலாம். ஒரு செயலி "நிறை" என்று அனுப்புகிறது, இன்னொன்று "எடை" என்கிறது. நெத்தலிக்கு ஒருவர் கிலோவே போடாமல் பெட்டிக் கணக்குப் போட்டிருக்கிறார். கூட்டிப் பார்த்தால் பாதி மீனைக் காணோம். "அப்ப என்ர மீன் எங்க தம்பி?" என்று கேட்டார். விடியப்புறத்தில் இருந்து கரையில் நிற்கிற மனுசன், மச்சான். எனக்குப் பதில் வரவில்லை.

எண்ணா எழுத்தா, என்ன அலகு என்ற கேள்விகள் இந்த ரெண்டு நிரல் பொது மாதிரியில் ஒழியவில்லை. ஸ்கீமாவில், அதாவது அட்டவணையின் அமைப்பில், இருந்ததை எடுத்து, வாசிக்கிற ஒவ்வொரு செயலியின் தலையிலும் கட்டிவிட்டேன். மருத்துவத் தரவுக்கான எச்எல்7 ஃபயர் தரத்தைப் பார். அதன் 'ஒப்சர்வேஷன்' பொதுவானதுதான், பிரஷரும் போகும், சீனியும் போகும். ஆனால் எதை அளந்தது என்ற குறியீடு கட்டாயம். அளவை எண்ணாக வைக்கவும் பக்கத்தில் அலகு போடவும் தனி இடம் உண்டு. அந்தக் கட்டுத்தான் என்னிடம் இல்லை.

இப்போது மீன், நிறை, விலை, திகதி நான்குக்கும் திரும்பத் தனிப் புலம். மற்றதெல்லாம் ஒரு ஜேசன் பையில், எந்தப் பெயரும் பெறுமதியும் போடக்கூடிய ஒரே புலத்தில். பையில் கிடக்கிற ஒன்றைக் கூட்டவோ வரிசைப்படுத்தவோ யாராவது கேட்டால், அன்றைக்கே அதற்கும் தனிப் புலம். வாடை தொடங்க முன் முடித்துவிட வேணும்.

பழைய பதிவுகளில் நெத்தலிப் பெட்டிகள்தான் மிச்சம். நாளை விடியத் தராசோடு கரைக்குப் போகிறேன், ஒரு பெட்டி எத்தனை கிலோ நிற்குது என்று பார்க்க. ஸ்கீமாவை இத்தோடு அனுப்புகிறேன். படகும் பாடும் ஒரே புலமா, இரண்டா? அதை மட்டும் பார்த்து எழுது.