மாதையன் என்றே வையுங்கள்

தருமபுரி

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் பாட்டியும் நலம். பேரனுக்கு என் அப்பாவின் பெயரான மாதையன் என்பதை வைக்க நீயும் மாப்பிள்ளையும் எண்ணியிருப்பதாகப் புனேயிலிருந்து உன் அம்மா சொன்னாள். ‘பிறந்த பிள்ளைக்குக் கிழவன் பெயரா?’ என்று உன் நாத்தனார் சிரித்ததையும், அதன் பிறகு நீ இரண்டு மனமாக இருப்பதையும் சேர்த்தே சொன்னாள். போனில் பேசினால் மனம் இளகி வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவேன் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

கிராம நிர்வாக அலுவலராக நான் வேலை பார்த்த காலமெல்லாம் பிறப்பு இறப்புப் பதிவேடுகள் என் கையில்தான் இருந்தன. பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் சேர்ந்த புதிதில் மாதையன், மாதப்பன், மாதம்மாள், முனியப்பன், பச்சையப்பன் என்று ஊரின் சாமிகளையே பிள்ளைகளின் பெயராக எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு ரமேஷும் சுரேஷும் வந்தார்கள். ஓய்வு பெறுகிற சமயத்தில், எந்த ஊர்ப் பிள்ளை, எந்த மொழிப் பிள்ளை என்றே கண்டுபிடிக்க முடியாத பெயர்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டுவந்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பதியச் சொன்னார்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அவரவர் பிள்ளை, அவரவர் ஆசை. ஆனால் மாதையன்கள் அதற்குப் பிறகு இறப்புப் பதிவேட்டில் மட்டுமே வந்துகொண்டிருந்தார்கள் என்பதை எழுதியவன் நான்.

பழைய பெயர்தான் வேண்டும் என்றால் அதியன், எழினி என்று சங்கப் பெயராக வைக்கலாமே என்று மாப்பிள்ளையின் நண்பர்கள் சொன்னார்களாம். நம் தருமபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியும் அவன் மகன் பொகுட்டெழினியும் ஆண்ட ஊர். போர்க்களத்திலிருந்து வந்த அதியமான் பிறந்த மகனைப் பார்க்கிறான், பகைவரைப் பார்த்துச் சிவந்த கண் பிள்ளையைப் பார்த்தும் சிவப்பு மாறவில்லை என்று ஔவையார் பாடியிருப்பது புறநானூற்றில் 100-ஆம் பாட்டு. எனக்கும் அதெல்லாம் பெருமைதான். (அஞ்சி என்று மட்டும் வைத்துவிடாதீர்கள், ‘யாருக்கு அஞ்சி?’ என்று கேட்டே வகுப்பில் பிள்ளையை ஓட்டிவிடுவார்கள்.) ஆனால் அந்தப் பெயர்களைப் புத்தகத்திலிருந்து எடுத்து இப்போது பலரும் ஆசையாக வைக்கிறார்கள். அவை பழைய பெயர்களாக இருந்தாலும் இன்றைக்குப் புதுப் பழக்கம். மாதையன் அப்படி அல்ல; நேற்றுவரை நம் தெருவில் கூப்பிட்ட பெயர், கூப்பிட வெட்கப்பட்டு விட்ட பெயர். அதனால்தான் உன் தேர்வு எனக்கு அந்தச் சங்கப் பெயர்களைவிட உயர்வாகப் படுகிறது.

காவிரிக்கு அக்கரையில், கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில் இருக்கிற மாதேஸ்வரன் மலைக்குச் சிவராத்திரிக்கும் தீபாவளிக்கும் நம் பக்கத்து ஜனங்கள் கால்நடையாகப் போவதை நீ சிறு வயதில் பார்த்திருக்கிறாய். அந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளைக்கு அந்தச் சாமியின் பெயர், அவ்வளவுதான் விஷயம். கன்னடம் பேசுகிற வீட்டிலும் தமிழ் பேசுகிற வீட்டிலும் அதே பெயர் புழங்கியது. உன் தாத்தாவும் அப்படி வேண்டிப் பெற்ற பிள்ளைதான். சமையலறைப் பரணில் இருக்கிற பித்தளை அண்டாவின் விளிம்பில் புள்ளி புள்ளியாக ‘கி. மாதையன்’ என்று வெட்டியிருக்கும். இடம் போதாமல் கடைசி ‘ன்’ மட்டும் சிறிதாகி வளைவுக்குக் கீழே இறங்கியிருக்கும். கல்யாணம், காதுகுத்து என்று ஊரெல்லாம் இரவல் போன அண்டா அந்தப் பெயரால்தான் தவறாமல் வீடு திரும்பியது.

இனி அலுவலகக்காரனாகச் சில வார்த்தை. மருத்துவமனையில் பிறப்பைப் பதிவு செய்தாயிற்று என்றாள் அம்மா; பெயர் இல்லாமல் பதிந்திருந்தால் கவலை வேண்டாம், 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் என எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், ஆங்கில எழுத்துக்கூட்டலை இப்போதே ஒன்றாக முடிவு செய்துகொள்ளுங்கள். ‘டி’ போடுவதா ‘டிஎச்’ போடுவதா, நடுவில் ‘ஐ’யா ‘ஒய்’யா என்பது அற்பமாகத் தோன்றும். உன் தாத்தா ரேஷன் கார்டில் ஒருவிதமாகவும் வாக்காளர் அட்டையில் ஒருவிதமாகவும் பட்டாவில் இன்னொரு விதமாகவும் இருந்தார். அவர் போன பிறகு நிலத்தை என் பெயருக்கு மாற்றும்போது, மூவரும் ஒருவரே என்று சான்று வாங்க நான் அலைந்தது எனக்குத்தான் தெரியும்.

நாகரிகமாக இருக்கட்டும் என்று மாதேஷ் ஆக்கிவிட வேண்டாம். வைத்தால் முழுதாக வையுங்கள். கூடப் படிப்பவர்கள் கேலி செய்வார்கள்தான். மாது என்று சுருக்கினால் பெண் என்பார்கள், வேறு சிலர் மாடு என்பார்கள். எந்தப் பெயரை வைத்தாலும் பிள்ளைகள் ஏதோ ஒரு கேலியைக் கண்டுபிடித்துவிடுவார்கள், அதற்காகப் பெயரை மாற்றிக்கொண்டு போக முடியாது.

என் தயக்கம் வேறு இடத்தில் இருக்கிறது. முதல் பேரனுக்குத் தகப்பன் வழித் தாத்தாவின் பெயரை வைப்பதுதான் நம் பக்கத்து வழக்கம். நம் வீட்டுப் பெயரை அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு வைக்கும்போது சம்பந்தி மனதில் சிறு வருத்தம்கூட இருக்கக் கூடாது. மாப்பிள்ளை சம்மதித்துவிட்டார் என்பது போதாது. நீயே சம்பந்தி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் இந்தப் பெயர் என்று பொறுமையாகச் சொல்லிக் கேள். அவர்கள் வேறு பெயர் சொன்னால் அதையே மனதார ஏற்றுக்கொள். எனக்கு அதில் துளியும் மனக்குறை இருக்காது.

பாட்டியிடம் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அந்தப் பேரை நான் எப்படிடா கூப்பிடறது?’ என்று கேட்டார். புருஷன் பெயரை இதுவரை வாய்விட்டுச் சொல்லாதவர். ‘நீ சாமின்னு கூப்பிடு’ என்றேன், சம்மதித்துவிட்டார். சம்பந்தி வீட்டில் பேசிவிட்டு, பெயர் வைக்கிற நாளைத் தெரிவி. பாட்டியையும் அழைத்துக்கொண்டு வர இரண்டு பேருக்கும் ரயிலில் கீழ்ப் படுக்கையாகப் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
அன்புள்ள அப்பா