ஐ.எம்.எஃப் செயல் இயக்குநர்களுக்கு: அடுத்த தேர்வையாவது போட்டியாக நடத்துங்கள்

உறுப்பு நாடுகளின் சார்பில் சர்வதேச நாணய நிதியத்தை (ஐ.எம்.எஃப்) வழிநடத்தும் செயல் இயக்குநர்கள் 25 பேருக்கும் வணக்கம்.

ஒரு மத்திய வங்கியின் ஆய்வுத் துறையில் 22 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். எங்கள் நாட்டின் பொருளாதாரத்தை ஆராயும் கலந்தாய்வுக்கு உங்கள் குழு வரும்போதெல்லாம், அவர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு அட்டவணை போட்டுக் கொடுப்பவர்களில் நானும் ஒருவன். உங்கள் தலைமைப் பதவியான நிர்வாக இயக்குநர் பதவிக்கு எப்படி ஆள் எடுக்கிறீர்கள் என்பதை உங்களுக்கே விளக்க வேண்டியதில்லை. அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எழுத வைத்தது ஒரு தாள். கடந்த முறை உங்கள் குழு வந்திருந்தபோது, இரவு பத்து மணி தாண்டியும் எங்கள் துறையில் இரண்டு பேர் இருந்தோம். அந்நியச் செலாவணிக் கையிருப்புக் கணக்கில் ஒரு வரி உதைத்தது. என்னோடு வேலை செய்யும் இளம்பெண் அதை மூன்றாவது முறையாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். முனைவர் பட்டம் முடித்து வந்தவர், கணக்கில் கெட்டி. அவர் மேசையில், 1946 முதல் உங்கள் நிர்வாக இயக்குநர்களாக இருந்த 12 பேரின் பெயர்ப் பட்டியல் கிடந்தது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் நாட்டை எழுதியிருந்தார். பெல்ஜியம், ஸ்வீடன், மறுபடி ஸ்வீடன், பிரான்ஸ், நெதர்லாந்து, பிரான்ஸ், பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின், பிரான்ஸ், பிரான்ஸ், பல்கேரியா. எல்லாமே ஐரோப்பிய நாடுகள்.

"சார், இந்த வேலையில நான் எதுவரைக்கும் போகலாம்?" என்று கேட்டார்.

"முதல்ல அந்த வரியைச் சரி பண்ணும்மா" என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது இன்னும் உறுத்துகிறது.

ஸ்டான்லி ஃபிஷரை உங்களுக்கு நன்றாகத் தெரியும். இன்றைய ஜாம்பியாவில் பிறந்தவர். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில், பின்னாளில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரான பென் பெர்னான்கியின் முனைவர் ஆய்வுக்கு வழிகாட்டியவர். உலக வங்கியின் தலைமைப் பொருளாதார வல்லுநராக இருந்துவிட்டு, 1994 முதல் 2001 வரை உங்கள் அலுவலகத்திலேயே இரண்டாம் இடத்தில் இருந்தவர். 2011-இல், இஸ்ரேல் மத்திய வங்கியின் ஆளுநராக இருந்தபோது, உங்கள் தலைமைப் பதவிக்குப் போட்டியிட முன்வந்தார். அப்போது அவருக்கு வயது 67. 65-ஐத் தாண்டியவரை நியமிக்கக் கூடாது என்பது விதி என்று சொல்லி அவரைப் பரிசீலிக்காமலே அனுப்பிவிட்டீர்கள். சரி, விதி என்றால் விதிதான். ஆனால் 2019-இல் ஐரோப்பா முன்நிறுத்திய கிறிஸ்டலினா ஜார்ஜீவாவுக்கு 66 வயது ஆனபோது, அந்த விதியே எடுக்கப்பட்டுவிட்டது. வயது வரம்பு வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதமே. அப்படியானால் 2011-இல் மட்டும் அது ஏன் வேண்டியிருந்தது?

அதே 2011-இல் மெக்சிகோ மத்திய வங்கி ஆளுநர் அகுஸ்தின் கார்ஸ்டென்ஸும் போட்டியிட்டார். சிகாகோவில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், உங்களிடமே துணை நிர்வாக இயக்குநராக இருந்தவர், நிதியமைச்சராகவும் இருந்தவர். தேர்வானது பிரான்ஸ் நிதியமைச்சரும் வழக்கறிஞருமான கிறிஸ்டின் லகார்ட். அவருடைய திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. முடிவு நேர்காணலுக்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்திருந்ததே, அதுதான் வலிக்கிறது. அதற்கப்புறம் 2019-இலும் 2024-இலும் வேட்பாளர் ஒரே ஒருவர்தான்.

திறந்த முறையில், தகுதி பார்த்து, வெளிப்படையாகத் தேர்ந்தெடுப்பதாக ஒவ்வொரு முறையும் அறிவிக்கிறீர்கள். அந்தச் சொற்களை நடைமுறைக்குக் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

உலக வங்கியிலும் இதே கதைதான். 2012-இல் அதன் தலைவர் பதவிக்கு நைஜீரியாவின் நிதியமைச்சர் ஒகோன்ஜோ-இவேலாவும் கொலம்பியாவின் ஒகாம்போவும் களத்தில் இருந்தார்கள். பதவி வழக்கம்போல அமெரிக்கா நிறுத்தியவருக்குப் போனது. 2023-இல் இன்னொரு பெயரே வரவில்லை. உங்கள் தலைமை ஐரோப்பாவுக்கு, உலக வங்கியின் தலைமை அமெரிக்காவுக்கு என்ற இந்தப் பங்கீடு உங்கள் ஒப்பந்தப் பிரிவுகளில் எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதாத விதியை நீக்க ஒப்பந்தத் திருத்தம் தேவையில்லை, அப்படித் திருத்த வேண்டிய 85 சதவீத வாக்கும் தேவையில்லை. 2020-இல் மத்திய வங்கிகளுக்கென்று ஒரு வெளிப்படைத்தன்மை நெறிமுறை கொண்டுவந்தீர்கள். எங்கள் நியமனங்கள் எப்படி நடக்கின்றன என்று உங்கள் அதிகாரிகள் கேட்கும்போது, நாங்கள் வரி வரியாகப் பதில் எழுதிக் கொடுக்கிறோம். அதே கேள்வியை உங்களிடம் யார் கேட்பது?

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இப்போதைய பதவிக்காலம் 2029-இல் முடிகிறது. அதற்கு முன்பே, எந்தத் தகுதிகளைப் பார்ப்பீர்கள் என்பதை எழுத்தில் வெளியிடுங்கள். ஒரே பெயர் வந்தால் காலக்கெடுவை நீட்டி இன்னும் பெயர்களைக் கேளுங்கள். தேர்வு முடிந்ததும், எந்த இயக்குநர் யாருக்கு வாக்களித்தார் என்பதைச் சொல்லுங்கள். ஐரோப்பியரே மறுபடி வந்தாலும் வரட்டும், போட்டியில் ஜெயித்து வரட்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். வந்ததும் முதலில் அந்தப் பெண்ணிடம்தான் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு மத்திய வங்கியின் ஆய்வுத் துறைப் பொருளாதார வல்லுநர்